ஆர்தரின் தோணியும் குகனின் நாவாயும்

தாம்பரத்தில் உள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் வரலாற்றில், தமிழ் பயில்வோர் பலரும் அறிந்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. அது நிகழ்ந்த நாளில் கல்லூரி தாம்பரத்திற்கு வரவில்லை. சென்னை ஜார்ஜ் டவுனில் இருந்தது. ஆண்டர்சன் 1837-இல் தொடங்கிய பள்ளியினின்று வளர்ந்த அந்நிறுவனம், நூறாண்டு கழிந்தபின் 1937-இலேதான் சேலையூர்க் காட்டை ஒட்டிய இன்றைய இடத்திற்குக் குடிபெயர்ந்தது. 1877 முதல் 1907 வரை முதல்வராக விளங்கிய வில்லியம் மில்லர், ஆங்கிலக் கவிஞர் தெனிசனின் பாட்டில் படகொன்று துடுப்பும் பாயும் கொண்டு அன்னம்போல் நீங்கும் இடத்தை எடுத்துக்காட்டி, இத்தகைய உவமை தமிழில் உண்டோ என வினவினாராம். வி. கோ. சூரியநாராயண சாத்திரியார், பின்னாளில் பரிதிமாற் கலைஞர் எனத் தமிழுலகம் போற்றியவர், உடனே கம்பன் பாடலொன்றை ஓதிப் பொருள் விரித்தாராம். தெனிசனுக்குப் பன்னூறு ஆண்டுகள் முற்பட்ட கம்பன், குகன் செலுத்திய நாவாய்க்கு அன்னத்தையே உவமையாக்கினான் என்பதறிந்து மில்லர் வியந்தார் என்பர்.

இந்நிகழ்ச்சி நம் மேடைகளிலும் பாடநூல்களிலும் பலகாலும் சொல்லப்பட்டுள்ளது. ஆங்கிலமே அறிவு எனக் கருதப்பட்ட காலத்தில் தமிழின் மதிப்பை நிலைநாட்டிய செய்தி என்ற அளவில் அது போற்றுதற்குரியது. ஆயினும் ஒன்று கூறவேண்டியுள்ளது. அவர்களிடத்தும் அன்னம், நம்மிடத்தும் அன்னம் என்று கூறி நிறுத்திவிடுவதே வழக்கமாயிற்று. அவ்வன்னம் அங்கே என்ன தொழில் செய்கிறது, இங்கே என்ன தொழில் செய்கிறது என்று எவரும் விரித்துரைப்பதில்லை. உவமை ஒன்றாயிருத்தல் வேறு. உவமையின் வேலை ஒன்றாயிருத்தல் வேறு. இவ்வேறுபாட்டை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதற்கு யாம் ஒரு மாணவருக்குக் கடன்பட்டுள்ளோம். முதுகலை வகுப்பொன்றில் மேற்கூறிய நிகழ்ச்சியைச் சொல்லி, கம்பன் பாடலையும் அதனை அடுத்துவரும் பாடலையும் படித்துக்காட்டினோம். அம்மாணவர் எழுந்து, "ஐயா, துடுப்பைப் பற்றித்தானே கேள்வி? அப்படியானால் அடுத்த பாட்டில் வரும் நண்டல்லவா சரியான விடை?" என்றார். வகுப்பு சிரித்தது. எமக்குச் சிரிப்பு வரவில்லை. பல ஆண்டுகளாக அதே பாடலைக் கற்பித்தும் அவ்வினா எமக்குத் தோன்றவில்லையே என்ற நாணமே வந்தது.

தெனிசனின் அன்னம்

முதற்கண் ஆங்கிலப் பகுதியை நோக்குவோம். ஆர்தர் மன்னனின் இறுதியைப் பாடும் இக்கவிதையைத் தெனிசன் 1833-இல் எழுதத் தொடங்கி 1842-இல் வெளியிட்டார். பின்னர் 1869-இல், ஆர்தர் கதைகளைக் கூறும் தம் பெருங்காப்பியத்தின் இறுதிப் பகுதியாக அதனை விரித்து அமைத்தார். 1833-ஆம் ஆண்டிலேதான் அவருடைய ஆருயிர் நண்பர் ஆர்தர் ஆலம் வியன்னாவில் இளமையில் இறந்தார். நண்பரின் பெயரும் மன்னனின் பெயரும் ஒன்றே. எனவே இது பழங்கதையை மட்டும் பாடிய பாட்டன்று. கையறுநிலையின் சாயல் உடையது.

கதைநிலை வருமாறு. போரில் படுகாயமுற்ற மன்னனை, எஞ்சி நின்ற ஒரே வீரனாகிய பெடிவியர் நீர்க்கரைக்குச் சுமந்து வருகிறான். கரிய படகொன்று வந்து நிற்கிறது. கருந்துகில் போர்த்து முடியணிந்த அரசியர் மூவர் அதில் இருந்து அழுகின்றனர். மன்னன் படகில் ஏற்றப்படுகிறான். காயம் ஆறும் தீவொன்றிற்குத் தான் செல்வதாகக் கூறுகிறான். கூறும்போதே, உண்மையாகவே அங்குச் செல்கின்றேனோ என ஐயுறுகிறான். படகு நீங்குகிறது. இவ்விடத்தேதான் அன்னம் வருகிறது.

1485-இல் அச்சேறிய மாலரியின் உரைநடைக் கதையே தெனிசனுக்கு மூலம். அதில் படகு கரையை விட்டு நீங்குகிறது, அன்னம் இல்லை. அன்னம் தெனிசன் சேர்த்தது. சேர்த்த அன்னமும் பொதுவான அன்னமன்று. சாகுமுன் பாடும் அன்னம். வாழ்நாளெல்லாம் வாய்திறவாத அன்னம் இறக்கும் வேளையில் இனிது பாடும் என்பது மேலைநாட்டாரின் பழைய நம்பிக்கை. பிளேட்டோவின் உரையாடலொன்றில் சாக்ரட்டீசு தம் இறுதி நாளில் இதனை எடுத்துரைக்கின்றார்.

தொல்காப்பியர் உவமையை வினை, பயன், மெய், உரு என நான்காகப் பகுத்தார். அப்பகுப்பைத் தெனிசனின் உவமைக்குப் பொருத்திப் பார்ப்போம். அன்னம் நீரில் இறங்கிச் செல்லுதல் படகின் செலவோடு ஒத்தல் வினை. மார்பு புடைத்த அதன் வடிவம் படகின் முன்புறத்தோடும், சிலிர்த்த இறகு பாயோடும், தோலடி துடுப்போடும் ஒத்தல் மெய். உருவோ ஓரளவு முரணாக நிற்கிறது: படகு கரியது, அன்னத்தின் இறகு தூயது, அதன் அடி மட்டும் கரியது. துயரின் கருமையும் மன்னனின் தூய்மையும் ஒரே பறவையில் அடங்குமாறு கவிஞர் இதனை அமைத்தார் எனலாம். இவற்றிற்கு மேலாக ஓசையும் ஒக்கிறது. அன்னத்தின் பாட்டு அரசியரின் அழுகையைக் குறிக்கிறது.

இவை யாவற்றினும் தலையாயது ஒன்றுண்டு. தான் நலமுறச் செல்கின்றேனோ, இறக்கச் செல்கின்றேனோ என்ற மன்னனின் ஐயத்திற்குக் கதையில் எவரும் விடை கூறவில்லை. உவமை கூறிவிடுகிறது. சாகுமுன் பாடும் அன்னம் என்ற அளவிலேயே படகின் முடிவு நமக்குத் தெரிந்துவிடுகிறது. கவிஞர் தம் வாயால் கூறாததை உவமையின் வாயால் கூறினார். படகு சிறு புள்ளியாகி மறைய, அழுகை நீர்மேல் தேய்ந்தடங்கும்போது அப்பாட்டும் முடிந்ததென உணர்கிறோம். செலவு, வடிவு, நிறம், ஓசை, முடிவு ஆகிய ஐந்தையும் ஒரே உவமை தாங்கி நிற்கிறது. அவ்வுவமையை நீக்கினால் அக்காட்சியின் பொருளே குறையும்.

கம்பனின் அன்னம்

இனிக் கம்பனுக்கு வருவோம். அயோத்தியா காண்டத்தில், குகன் நாவாயைக் கொணர்ந்து நிறுத்துகிறான். இராமனும் சீதையும் இலக்குவனும் ஏறுகின்றனர். விரைவாகச் செலுத்துக என்கிறான் இராமன். உடலுக்கு உயிர் போன்றவனாகிய குகன் நாவாயை முடுக்குகிறான். மடிந்து விழும் அலைகளையுடைய பெருநீரில் அது இளைய அன்னத்தின் கதியில் விரைந்து செல்கிறது. கரையில் நின்ற அந்தணர் துயருற்று, நெருப்பிற்பட்ட மெழுகாயினர்.

இங்கே இரண்டு கருத்துகளைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். ஒன்று, தமிழில் அன்னம் எனப்படுவதும் ஆங்கிலத்தில் தெனிசன் பாடிய பறவையும் ஒன்றல்ல. குளிர்காலத்தில் இமயத்தைக் கடந்து வந்து கூந்தன்குளம் போன்ற நீர்நிலைகளில் தங்கும் வரித்தலை வாத்தே பழம்பாடல்களின் அன்னம் என்று கருதுவாரும் உளர். அஃது எப்பறவையாயினும், சாகுமுன் பாடுதல் என்ற மரபு தமிழ் அன்னத்திற்கு இல்லை. அதற்கு உரியன நடையழகும், பாலையும் நீரையும் பிரிக்கும் இயல்பும், தூய்மையும் ஆகும். மற்றொன்று, கம்பன் இங்கு வேண்டியது அன்னத்தின் கதி மட்டுமே. அதன் நிறமோ, குரலோ, இறகோ, அடியோ பேசப்படவில்லை. ஆகவே இது தூய வினையுவமம்.

அப்படியாயின் இது மரபு பற்றி வந்த எளிய உவமைதானே என ஒருவர் கேட்கலாம். அன்னநடை மகளிர் நடைக்குப் பன்னூறு முறை உவமையாக வந்து தேய்ந்ததன்றோ? இத்தடை பொருளுடையதே. ஆயினும் மகளிர்க்குக் கூறும் அன்னநடை மென்னடை. இங்கோ இராமன் வேண்டியது விரைவு. அலைகளும் மடிந்து விழுகின்றன. அலைநீரில் விரைந்து செல்லும் கலம் ஆடிக் குலுங்குவதே இயல்பு. விரைவும் வேண்டும், குலுங்காமையும் வேண்டும். ஏறியிருப்போர் இன்னார் என்பதை அறிந்து கலம் செலுத்துகிறான் குகன். விரைவைக் குறிக்கும் சொல்லோடு மென்னடைப் பறவையைக் கம்பன் சேர்த்த நுட்பம் இதுவே. குகனின் அன்பும் திறனும் அவ்வொரு சேர்க்கையில் வெளிப்படுகின்றன. தேய்ந்த உவமைக்குப் புதிய வேலை கொடுக்கப்பட்டது.

துயரம் எங்கே? அது அன்னத்தில் இல்லை; மெழுகில் இருக்கிறது. தெனிசன் ஒரே உவமையில் செலவையும் துயரையும் பிணைத்தார். கம்பன் செலவுக்கு ஓர் உவமையும் துயருக்கு ஓர் உவமையும் வைத்து, நீரையும் கரையையும் பிரித்தான். நீரில் செல்வோரிடம் துயரமில்லை. கரையில் நிற்போரிடமே துயரம். இப்பிரிவு தற்செயலானதன்று என்பதை அடுத்த பாடல் காட்டும்.

நண்டும் கங்கையும்

அடுத்த பாடலில் நாம் கரையிலிருந்து நாவாய்க்குள் புகுகின்றோம். சீதையும் இராமனும் கங்கை நீரை வாரித் தெளித்து விளையாடுகின்றனர். நீண்ட கோல்கள் இருபுறமும் நீரைத் துழாவுகின்றன. நாவாய் கால்கள் பலவுடைய பெரிய ஞெண்டுபோல் விரைந்து செல்கிறது. ஞெண்டு என்பது நண்டின் பழைய வடிவம்.

அம்மாணவர் கூறியது முற்றிலும் சரி. தெனிசனின் அன்னத்திற்குத் தோலடி துடுப்பாக அமைந்ததுபோல், கம்பனின் நாவாய்க்கு நண்டின் கால்களே துடுப்புகள். துடுப்புக்கு உவமை யாது என்பதே வினாவாயின், கம்பனின் அன்னப்பாடலில் விடை இல்லை, நண்டுப்பாடலிலேயே உளது. அன்னத்திற்கு இரண்டே கால்கள். அவையும் நீருக்குள் மறைந்தவை. பல கோல்கள் இருபுறமும் ஒருங்கே எழுந்து விழும் காட்சிக்கு நண்டினும் பொருத்தமான உயிர் வேறில்லை. எம் வகுப்பில் இருந்தோருள் அன்னத்தை நேரில் கண்டவர் ஒருவரும் இலர். செம்பாக்கம், மாடம்பாக்கம் ஏரிக்கரைகளிலும் வயல் வரப்புகளிலும் நண்டு ஓடக் கண்டவர் பலர். கம்பன் சோழநாட்டு வயல்களிற் கண்ட நண்டைக் கங்கையில் விட்டான்.

உவமை பொருளினும் உயர்ந்ததாதல் வேண்டும் என்பது தொல்காப்பியர் கொள்கை. இராமன் ஏறிய கலத்திற்கு நண்டு தகுமோ எனச் சிலர் தயங்கக்கூடும். மேடைகளில் அன்னம் மட்டும் பேசப்பட்டு நண்டு விடப்பட்டமைக்கும் இத்தயக்கமே காரணமாகலாம். ஆனால் சிறப்பு, நலன், காதல், வலி ஆகியவற்றோடு கிழக்கிடு பொருளையும் உவமையின் நிலைக்களமாகத் தொல்காப்பியர் கொண்டார் என்பதை மறத்தல் கூடாது. மேலும், அப்பாடலின் பொருளே விளையாட்டு. நாடிழந்து காடு செல்வோர் நீர் தெளித்து மகிழ்கின்றனர். சிறுவர் கண்டு மகிழும் நண்டு அவ்விளையாட்டோடு இயைகிறது. வான்மீகத்தில் சீதை நடுவாற்றில் கங்கையைத் தொழுது, நலமே மீளவேண்டும் என வேண்டுகிறாள். கம்பன் அவ்விடத்து அச்சத்தையும் வேண்டுதலையும் நீக்கி விளையாட்டை வைத்தான்.

மூன்றாம் பாடலில் கோலும் இல்லை, குகனும் இல்லை. கங்கை தன் தெளிந்த அலைகளாகிய கைகளால் நாவாயை ஏந்தித் தானே அக்கரை சேர்க்கிறாள். முதற்பாடலில் விரைவைக் குறிக்கும் 'கடிது' என்னும் சொல் இராமனின் ஆணையிலும் நாவாயின் செலவிலுமாக இருமுறை வருகிறது. இரண்டாம் பாடலில் மீண்டும் ஒருமுறை வருகிறது. மூன்றாம் பாடலில் அச்சொல் மறைந்து 'இனிது' என்பது நிற்கிறது. விரைவு இனிமையில் முடிகிறது.

மூன்று பாடல்களையும் ஒருசேர வைத்துக் காண்பார்க்கு ஓர் ஒழுங்கு புலப்படும். அன்னம் கரையில் நின்று அழுவோர் கண்டது. தொலைவிலிருந்து காண்பார்க்குக் கோல் தெரியாது, வழுக்கிச் செல்லும் செலவே தெரியும். நண்டு அண்மையில் இருப்போர் கண்டது. அவர்க்குக் கோல்களின் துழாவல் தெரியும். கங்கையின் கை எவர் கண்ணுக்கும் உரியதன்று; அது கவிஞனின் நோக்கு. கரை, கலம், ஆறு என்று நோக்கு மாற மாற உவமையும் மாறுகிறது. கரையோர்க்குப் பிரிவாகிய அதே செலவு, கலத்தோர்க்கு விளையாட்டாகவும், ஆற்றுக்கு வரவேற்பாகவும் உள்ளது. இதனைக் கூறுதற்கு ஓர் உவமை போதாது, மூன்று வேண்டும்.

ஒப்பீட்டின் பயன்

இவ்வளவில், இரு கவிஞரும் செய்தது யாது என்பது விளங்கும். தெனிசனின் கதையை முழுதும் கரையில் நின்ற ஒருவனே காண்கிறான். பெடிவியரின் கண்ணை விட்டு நாம் அகல்வதில்லை. படகுக்குள் நிகழ்வது யாது என நாம் அறியோம். ஆகவே அறியாமையும் துயரமும் ஒரே உவமையில் செறிகின்றன. கம்பனோ கரையில் அழுவோரை அழவிட்டு, நம்மைக் கலத்தில் ஏற்றிக்கொள்கிறான். ஒன்று செறிவு, மற்றொன்று தொடர்ச்சி. இவற்றுள் எது உயர்ந்தது என்ற வினா எழவேண்டியதில்லை. தெனிசனைப் படித்தபின் கம்பனின் அன்னத்தில் துயரம் இல்லாமை நம் கண்ணிற் படுகிறது. அது படவே, துயரம் மெழுகில் இருப்பது தெரிகிறது. கம்பனைப் படித்தபின் தெனிசனின் படகுக்குள் நம்மை அவர் ஏற்றவில்லை என்பது தெரிகிறது. ஒப்பீடு இவ்வாறு இருபுறமும் ஒளி செய்தல் வேண்டும்.

மில்லரின் திறனாய்வு வேறு வகையினது. சேக்சுபியரின் நாடகங்களை வாழ்க்கைக்கு வழிகாட்டும் படங்களாக அவர் கண்டார். இலியர் மன்னன் நாடகத்தை இந்திய அரசியலோடு இணைத்து 1900-இல் நூலொன்றும் எழுதினார். நாடகம் யாது கற்பிக்கிறது என்பதே அவர் வினா. சாத்திரியார் எதிர்கொண்ட வினாவோ, எம்மிடம் உள்ளது உம்மிடம் உண்டோ என்பது. அக்கால நிலையில் உண்டு என்று கூறுவது கடமை. அதனை அவர் செவ்வனே செய்தார். ஆனால் அவர் அவ்விடையோடு நின்றவரல்லர். 1870-இல் பிறந்து 1903-இல் மறைந்த அவர், முப்பத்துமூன்று ஆண்டுகளே வாழ்ந்தவர். அதற்குள் ஆங்கிலச் சானெட் முறையைத் தழுவித் தனிப்பாசுரத்தொகை பாடினார். களவழி நாற்பதின் பின்னணியைக் கொண்டு மானவிசயம் என்னும் நாடகம் இயற்றினார். நாடகவியல் என்ற இலக்கண நூலும் செய்தார். உண்டு என்று மெய்ப்பித்து மகிழ்வதோடு அமைந்திருந்தால் இவற்றுள் ஒன்றும் தோன்றியிராது. பிறமொழி வடிவம் எவ்வாறு இயங்குகிறது என உணர்ந்து, அதனைத் தமிழின் இயல்புக்கேற்ப மாற்றியவர் அவர். நாம் அவர் விடையை மனப்பாடம் செய்தோம். அவர் முறையைப் பின்பற்ற மறந்தோம்.

இன்று ஒப்பிலக்கியம் நம் பல்கலைக்கழகங்களில் பாடமாக உள்ளது. ஆய்வேடுகளும் பல எழுதப்படுகின்றன. அவற்றுட் பல, இடப்புறம் ஆங்கிலக் கவிஞர், வலப்புறம் தமிழ்க் கவிஞர் என இரு நிரல்களாகச் சென்று, ஒற்றுமைகளைத் தொகுத்து முடிகின்றன. மாணவரைக் குறைகூறிப் பயனில்லை. அவ்வாறு கற்பித்தவர் நாமே. உவமைகளின் பட்டியல் ஆய்வாகாது. ஒவ்வோர் உவமையும் எவர் கண்வழித் தோன்றுகிறது, முன்னும் பின்னும் உள்ள பாடல்களோடு எவ்வாறு இயைகிறது, அதனை நீக்கினால் எது குறைகிறது என்ற மூன்று வினாக்களையேனும் எழுப்புதல் வேண்டும். இவ்வினாக்களுக்கு மேலைநாட்டுத் திறனாய்வு நூல்களைத் தேடிச் செல்லவும் வேண்டியதில்லை. உவமவியலும் அதற்குப் பேராசிரியர் வகுத்த உரையும் நம் கையிலேயே உள்ளன; தெனிசனைப் படிப்பதற்கும் அவை துணையாகும் என்பதை மேலே கண்டோம்.

மில்லர் வினவிய கல்லூரி இன்று தாம்பரத்தில் இருக்கிறது. அதனைச் சூழ்ந்த ஊர்களிலிருந்து நம் வகுப்புகளுக்கு வரும் இளைஞர் பலர் ஆங்கிலக் கவிதையை அச்சத்தோடும், தமிழ்க் கவிதையைப் பழக்கத்தின் சலிப்போடும் அணுகுகின்றனர். இரண்டையும் அருகருகே வைத்துப் பொறுமையாகப் படிக்கக் கற்பித்தால் அச்சமும் சலிப்பும் ஒருங்கே நீங்கும். அவ்வாறு படித்த ஒருவரே, நாம் பல ஆண்டுகள் காணாதுவிட்ட நண்டைக் கண்டார். அன்னப்பாடலைக் கற்பிக்கும் ஆசிரியர் அடுத்த இரு பாடல்களையும் சேர்த்தே கற்பிப்பாராக.